சாம்பல் இல்லை, சுத்தமா?

கார்த்திகை தீபத்தன்று மலையில் சுடர் ஏறியதும் கீழ்பென்னாத்தூர் வீடுகளிலும் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். எரிந்த தட்டில் சாம்பல் மிஞ்சவில்லையென்றால் ‘சுத்தமான கற்பூரம்’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுவது நம் வழக்கம்.

வேதியியல் ஆய்வகத்தில் அந்தச் சான்றிதழ் செல்லாது. மெழுகும்தான் சாம்பல் வைக்காமல் எரிகிறது. உப்பு, சுண்ணாம்பு போன்றவை கலக்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

கடைக் கற்பூரம் பெரும்பாலும் கற்பூர மரத்திலிருந்து வருவதல்ல. காஞ்சிபுரத்தின் காஞ்சி கற்பூரம் நிறுவனம் போன்ற ஆலைகளுக்கு மூலப்பொருள், பைன் பிசினின் டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீன். அதை வினையூக்கியோடு சூடாக்கினால் கேம்பீன். அசிட்டிக் அமிலம் சேர்ந்தால் எஸ்டர். காரத்தால் எஸ்டரைப் பிளந்தால் ஐசோபோர்னியோல். அதில் ஹைட்ரஜனைக் கழற்றினால் கற்பூரம்.

தாளில் நான்கே அம்புக்குறிகள். தொல்லையெல்லாம் அம்புகளுக்கு இடையில். முதல் வினையிலேயே டைபென்டீன் என்ற வேண்டாத விருந்தாளியும் உருவாகும். அது 176 டிகிரி செல்சியஸ் அருகில் கொதிப்பதால் பிரித்துவிடலாம். வினைபுரியாமல் மீந்த பைனீன்தான் வம்பு: அது 156-இல் கொதிக்கும், கேம்பீன் 159 அருகில். இந்த நூலிழை வித்தியாசத்துக்காக உயரமான வடிகோபுரத்தில் ஆவி திரும்பத் திரும்பக் குளிர்ந்து ஏற வேண்டியிருக்கிறது.

கடைசி அம்பைக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து பார்க்கலாம். ஐசோபோர்னியோலை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சலவைக்குப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குளோரின் கிளம்பும் என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே.

கிடைத்த மங்கல் தூளைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, துளையிட்ட வடிதாளால் மூடி, மேலே புனலைக் கவிழ்த்து, அதன் தண்டைப் பஞ்சால் அடைப்பார்கள். மெல்லச் சூடேற்றினால் கற்பூரம் உருகாமலே ஆவியாகிப் புனலின் உட்சுவரில் வெண்படிகமாகப் படியும். ஆவியாகாத அழுக்கு கீழேயே தங்கும்.

பிறகு உருகுநிலைச் சோதனை. கண்ணாடி நுண்குழாயின் இரு முனைகளையும் உருக்கி மூட வேண்டும். மறந்தால் அளப்பதற்குள் கற்பூரம் பறந்துவிடும். சுத்தமானது 175–180 டிகிரிக்குள் உருகும். நாப்தலீன் போன்ற ஒன்று கலந்திருந்தால் சட்டென்று சரியும். நீரின் உறைநிலையை 1.86 டிகிரி இறக்கும் செறிவு, கற்பூரத்தின் உருகுநிலையை ஏறத்தாழ 40 டிகிரி இறக்கிவிடுகிறது! இந்தக் குணத்தைக் கொண்டே பிற சேர்மங்களின் மூலக்கூறு எடையை அளக்கும் முறையை 1922-இல் கார்ல் ராஸ்ட் வெளியிட்டார்.

ஐசோபோர்னியோல் மட்டும் இந்த வலைகளில் சிக்காது. அதுவும் பதங்கமாகும், உருகுநிலையோ கற்பூரத்தைவிட உயரம், 212 அருகில். அதைப் பிடிக்க அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். வரைபடத்தில் அலை எண் 1740 அருகே கூர்மையான பள்ளம் தெரிந்தால் கற்பூரம் வந்துவிட்டது. கூடவே 3300 பக்கம் அகலமாக ஒரு பள்ளம் இருந்தால், தூள் நன்றாக உலர்ந்ததுதானா என்று முதலில் பார்ப்பார்கள். உலர்ந்ததுதான் என்றால் வினை முடியவில்லை. ஹைப்போகுளோரைட் பாட்டிலை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.