சாமானியரும் வேட்பாளர் ஆகலாம்: வேட்புமனுவில் கவனிக்க வேண்டியவை

தேர்தல் வந்தால் "நம்ம ஆளு யாரும் நிக்கலையே" என்ற பேச்சு நம் வீடுகளில் எழும். நிற்கக் கட்சியும் பெரும் பணமும் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சட்டம் கேட்பதோ அதைவிடக் குறைவு.

தமிழகச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பொதுத் தொகுதியில் டெபாசிட் 10,000 ரூபாய். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால் அது திரும்பக் கிடைக்கும். சுயேச்சையை அத்தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். அவர்களில் ஒருவர் தகுதியற்றவர் என்றாலும் மனு விழுந்துவிடும். ஆகவே வேறு பத்துப் பேரைக் கொண்டு இன்னொரு மனுவும் கொடுத்து வைப்பது நல்லது. நான்கு மனுக்கள் வரை அனுமதி உண்டு. ஒரே டெபாசிட் போதும்.

பலர் தடுக்கி விழுவது படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரத்தில்தான். வழக்குகள், வருமானம், சொத்து, கடன், கல்வி எல்லாம் அதில் வர வேண்டும். மனைவி, சார்ந்திருப்போர் சொத்துக்கும் தனிப் பத்தி உண்டு. மஹராகக் கொடுத்த நகை "என்னுடையதல்லவே" என்று விட்டுவிடக் கூடாது. அது மனைவியின் சொத்து, மனைவியின் பத்தியில் எடையோடும் மதிப்போடும் எழுத வேண்டும். பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

மனு கொடுத்தபின் உறுதிமொழி எடுக்க வேண்டும். பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

பிரச்சாரத்தில் நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை. ஜும்ஆ மேடையில் வேட்பாளருக்கு ஆதரவு கேட்பது பாசமாகத் தெரியலாம். ஆனால் வழிபாட்டுத் தலத்தில் பிரச்சாரம் செய்வது தேர்தல் நடத்தை விதிகளுக்கு எதிரானது. வேட்பாளரோ அவரது சம்மதத்துடன் வேறொருவரோ மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டால் வெற்றியே ரத்தாகலாம். பள்ளிவாசலுக்கு வெளியே, சாக்கடை, குடிநீர், ரேஷன் பற்றிப் பேசுங்கள். அடுத்த தெருவினரும் கேட்பார்கள்.

சட்டமன்றம் பெரிதாகத் தோன்றுகிறதா? கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 21 வயது போதும். கட்சிச் சின்னமும் கிடையாது. தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கானவை. படித்த நம் சகோதரிகள் பெயருக்கு நிற்காமல், தாமே கூட்டத்தில் அமர்ந்து பேசும் உறுப்பினர்களாக வேண்டும்.

தோற்றவருக்கும் ஒரு கடமை பாக்கி உண்டு. சட்டமன்றத் தேர்தலில் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால், 3 ஆண்டுகள் போட்டியிடத் தகுதியிழப்பு வரலாம்.