கூட்டமாக வாழும் மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இரண்டு அங்குலப் பாலா ஷார்க் குஞ்சுகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெள்ளி உடம்பு, கருங்கரை போட்ட துடுப்பு, துறுதுறு ஓட்டம். ஒரு ஜோடி வாங்கி வந்து இரண்டடித் தொட்டியில் விடுவோம். பெயரில்தான் ஷார்க், சுறாவுக்கும் அதற்கும் உறவில்லை, கெண்டைக் குடும்பத்து மீன் அது. தென்கிழக்கு ஆசியாவின் ஆறுகளில் ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் அதற்குத் திரும்பவே இடம் போதாது. மிரண்டு ஓடும்போதெல்லாம் கண்ணாடியில் மோதி மூக்கு புண்ணாகும்.

"தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். நெருக்கடியும் கழிவு சேர்ந்த நீரும் மீனின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பதே உண்மை. அது நோயின் அடையாளம். தொட்டியோடு ஒத்துப்போனதன் அடையாளம் அல்ல. டின்ஃபாயில் பார்ப் மீனுக்கும் இதே கதைதான். அதுவும் ஓரடி வளரும்.

பெரிய மீன், சாதுவான மீன், கூட்டமாக நீந்தும் மீன், ஆனால் வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது சில்வர் டாலர். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. பிரானாவின் உறவுக்காரன் என்றாலும் இலை தின்னி. ஏறக்குறைய 15 செ.மீ. வளரும். தட்டையான வட்ட உடம்பு திரும்பும்போது, புது எவர்சில்வர் தட்டில் வெயில் பட்டதுபோல் ஒரு மின்னல் அடிக்கும்.

எத்தனை வாங்குவது? குறைந்தது 6. ஆற்றில் இந்த மீனுக்குப் பாதுகாப்பே கூட்டம்தான். பல உடல்கள் சேர்ந்து திரும்பும்போது துரத்தும் மீனுக்குக் குறி தவறும். தனியாக விடப்பட்ட சில்வர் டாலர் மூலையில் ஒடுங்கும், விளக்கு போட்டாலே பதறும். ஆறு இருந்தால் அச்சம் குறைந்து நடுத்தொட்டிக்கு வரும்.

ஆறு மீனுக்கு 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். முழுக்க நிரப்பினால் சுமார் 340 லிட்டர். நீர், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 400 கிலோவைத் தாண்டும். மாடி வீடு என்றால் சுவரோரமாக வையுங்கள். தரை தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூடி கட்டாயம். பயந்தால் துள்ளி வெளியே விழும்.

தொட்டி வந்த அன்றே மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய நஞ்சு. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள். நலமாக ஓடும் பழைய தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் நாள் குறையும். மீன் விட்டபின் வாரம் கால்பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரென்றால் குளோரின் நீக்கும் மருந்து விட்டுப் பயன்படுத்துங்கள்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். ஆகவே சித்திரை வெயிலில் ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

உணவுக்குக் கவலையில்லை. லேசாக வெந்நீரில் முக்கிய கீரை, வெள்ளரித் துண்டு, பச்சைப் பட்டாணி, கூடவே தாவரச் சத்துள்ள தீவனம். கீரைத் தண்டைக் கல்லில் கட்டி இறக்கிவிட்டுப் பாருங்கள்: முதல் மீன் தயங்கி ஒரு கடி கடிக்கும், அடுத்த நிமிடம் ஆறும் மொய்க்கும், கடைசியில் நரம்பு மட்டும் மிஞ்சும். தொட்டிச் செடிகளுக்கும் இதே கதிதான்; அதனால் அலங்காரத்துக்கு மரக்கட்டையும் கல்லும் போதும்.

அழகைக் கண்டு மிஸ் கேரளா மீனைக் கேட்பவர்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய அந்த மீன், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

எந்த மீனானாலும், வளர்ந்துவிட்டது என்று ஏரியில் விடாதீர்கள். தொட்டிக்கென்று வந்த சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?" அந்த அளவுக்குத் தொட்டி இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.