டிபன் பாக்ஸில் சோறு மீந்து வருகிறதா?



ஜூன் மாதம் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. போர்செட் வைத்திருப்பவர்கள் குறுவை நடவில் இருப்பார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் புதாற்றுத் தண்ணீரைப் பார்த்து மற்றவர்களும் வயலில் இறங்குவார்கள். விடியும் முன்னே நாற்றுப் பறிக்கக் கிளம்பினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்காக ஒரத்தநாட்டுக்கோ பாப்பாநாட்டுக்கோ வடசேரிக்கோ முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறுகிறாள். அம்மா வயலில், பிள்ளை புதுப் பள்ளியில். அவளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் கை ஒழிவதில்லை.

இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பேச வைத்தது நம் உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம்.

ஒரு குழுக் கூட்டத்தில் சந்தா வாங்கி முடித்து உள்கடன் கோரிக்கை கேட்டபோது, இந்த அக்கா மூவாயிரம் ரூபாய் வேண்டும் என்றார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "புள்ளைக்கு வயித்து வலி நிக்கவே மாட்டேங்குது. ஸ்கேன் எடுக்கணும்" என்றார். மாத்திரை வாங்கிக் கொடுத்தாயிற்று. அப்பாயி திருநீறு மந்திரித்துப் போட்டாயிற்று. கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டதும் ஆயிற்று. வலி போகவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க்கா, ஞாயித்துக்கிழமை வலிக்குதா?" அக்கா யோசித்துப் பார்த்தார். சனி, ஞாயிறு வலிப்பதில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே அந்த அக்கா, "புள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்குது மேடம், சோத்த அப்படியே திருப்பிக் கொண்டாருது" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். "புதுப் பள்ளிக்கூடம், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த குழுவுக்குக் கிளம்பிவிட்டோம். சமூகப் பணி படித்தவர்கள் சொல்லக் கூடாத பதில் அது.

பிறகு அந்தப் பிள்ளையிடம் பொறுமையாகப் பேசியபோது, மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது தெரிந்தது.

முதலில் காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வந்தது. ஊர்ப் பள்ளியில் இருந்தவரை உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ அங்கேயே கிடைத்தது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிட்டது. அதோடு பஸ்ஸுக்காக முன்பைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். அம்மாவோ அதற்கும் முன்பே வயலுக்குப் போயிருப்பார். பிள்ளை வெறும் வயிற்றோடு போய்ப் பிரேயரில் நிற்கிறாள். நாம் யாருமே இந்த மாற்றத்தை முன்கூட்டி யோசிக்கவில்லை.

அடுத்தது மதியம். ஊர்ப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டார்கள். அங்கே அது ஒரு பெரிய விஷயமே இல்லை. காமராசர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்ததும் பசிக்காக மட்டும் இல்லை, பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் பெரிய பள்ளியில் சிலர் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், சிலர் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். தட்டோடு நின்ற நம் பிள்ளையைப் பார்த்து ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று சாயந்திரமே, "எனக்கு டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடும்மா" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவும் சந்தையில் புது டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் டப்பாவைத் திறந்து யாரோடு உட்கார்வது? ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு வட்டம், ஒரே பழைய பள்ளியில் படித்தவர்கள் இன்னொரு வட்டம். இவள் ஊரிலிருந்து இந்த வகுப்புக்கு வந்தவள் இவள் ஒருத்திதான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்பாள், மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். சோறு அப்படியே வீட்டுக்கு வரும். கெட்டுப்போய்விட்டதோ என்று அம்மா புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்திருக்கிறார்.

இதோடு ஒன்று. அவள் தண்ணீரும் குடிப்பதில்லை. குடித்தால் ஒன்றுக்கு வரும், கழிவறைக்குத் தனியாகப் போகப் பயம். காலையிலிருந்து சாயந்திரம் வரை அடக்கி வைத்துக்கொண்டிருந்தால் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரும், அடிவயிறு வலிக்கும், எரிச்சல் இருக்கும். ஆகவே வயிற்று வலி பொய் இல்லை, சகோதரிகளே. "நடிக்கிறா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள், காய்ச்சலோ எரிச்சலோ இருந்தால் உடனே போங்கள். எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னாலும், பயத்தால் வரும் வலியும் வலிதான்.

சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருவது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்குப் போலீஸ் காவலோடு போனாள். அவளோடு தங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க மற்ற பெற்றோர்கள் சம்மதிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு டீச்சர், வகுப்பில் அவள் ஒருத்தி. வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த ரொட்டியை அவள் சாப்பிடாமல் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எலி வந்த பிறகுதான் அது தெரிந்தது. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு டீச்சரே பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சாப்பிட ஆரம்பித்தார்.

அதனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். "யாரோட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதி. நாலு நாளும் பெயர் வராவிட்டால் கவனிக்க வேண்டும். முகத்தைப் பார்த்து விசாரணை மாதிரிக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். தலை பின்னும்போது கேளுங்கள், கீரை ஆயும்போது கேளுங்கள்.

அந்த அக்கா ஒரு நாள் நடவுக் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது இதற்கு உதவியது. "நாம என்னத்தப் படிச்சோம், டீச்சர்கிட்டப் போய் என்ன பேசுறது" என்று அவருக்குத் தயக்கம். நாங்கள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: யார் மேலும் புகார் சொல்லாதீர்கள், பிள்ளை சாப்பிடாமல் வருகிறாள் என்பதை மட்டும் சொல்லுங்கள். வகுப்பு டீச்சருக்கு இது தெரியவே தெரியாது. நிறையப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சத்தம் போடாத பிள்ளை கண்ணில் படாது. மறுநாளே பெஞ்சை மாற்றி உட்கார வைத்தார், சாக்பீஸ் எடுத்து வருகிற வேலையை அவளுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தார். சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு பேராக நடந்து போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. காலாண்டுத் தேர்வு வரை திங்கட்கிழமை வலி இருந்தது. நடுவில் அப்பா, "கடன வாங்கியாவது வேன் வர்ற ஸ்கூல்ல போட்டுடலாம்" என்றார். அப்பாயி, "பொட்டப்புள்ளதானே, நிறுத்திட்டா என்ன" என்றார். இந்த இரண்டு பேச்சும் எந்த வீட்டிலும் வரக்கூடியவை. அதனால் ஒரு கணக்கைச் சொல்கிறோம். 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை. ஆறாம் வகுப்பில் அவசரப்பட்டு எடுக்கிற முடிவு ஏழு வருடம் கழித்து வந்து நிற்கும். தனியார் பள்ளிக்கு மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை அங்கே போனாலும் தனியாகத்தான் சாப்பிடுவாள், அதைச் சரிசெய்யாமல் கடன் மட்டும் மிஞ்சிவிடக் கூடாது என்கிறோம்.

திருப்பூரிலிருந்து திரும்பி வருகிற பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகும் இங்கிருந்து வேலை தேடி வெளியூர் போன குடும்பங்கள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது, பிள்ளை "ஏனுங்", "வாங்கோ" என்று பேசினால் வகுப்பே சிரிக்கிறது. பேச்சு ஒரு வருடத்தில் மாறிவிடும். அதைவிட அம்மாக்களைத் தூங்க விடாதது டி.சி. பழைய பள்ளியில் கட்டணம் பாக்கி, அதனால் டி.சி. தரவில்லை, பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. பாக்கிப் பணத்தை வசூலிக்க டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லியும் கேட்காவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-க்குப் பேசுங்கள்.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். புதுப் பிள்ளையிடம் முதல் வாரத்தில் கேட்கப்படுகிற கேள்வி "நீ எந்தத் தெரு?" என்பது. அதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து வட்டத்தில் இடம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, வகுப்பில் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இந்தக் கேள்வியைப் பதினொரு வயதுப் பிள்ளை பள்ளியில் கற்றுக்கொள்ளவில்லை. நம் திண்ணையில்தான் கற்றுக்கொண்டது. ஆகவே "யாரோட சாப்பிட்ட?" என்று கேட்ட கையோடு, "தனியா உக்காந்து சாப்பிட்டது யாரு?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

நம் ஒரத்தநாட்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் புதியவர்கள் இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1800-களின் தொடக்கத்தில் கட்டிய முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டதோடு பிள்ளைகளுக்குப் படிப்பும் இருந்தது. பின்னாளில் அரசுப் பள்ளியும் மாணவர் விடுதியும் அந்தக் கட்டடத்தில் நடந்தன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எங்கிருந்தோ மூட்டையோடு வந்து, யாரையும் தெரியாமல் முதல் நாள் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ!

குழுக்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் தேவையில்லை. ஏப்ரல், மே மாதக் கூட்டத்திலேயே, எந்தப் பள்ளிக்கு எந்த வகுப்பில் யார் வீட்டுப் பிள்ளை சேரப்போகிறது, எந்த பஸ்ஸில் போகும் என்று எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லா ஊர்ப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் அகப்படுவார்கள். பள்ளி திறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அம்மாக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி வாசல், கழிவறை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் காட்டிவிட்டு வரலாம். அந்த அக்காவின் பிள்ளைக்கும் கடைசியில் அப்படித்தான் கூட்டாளி கிடைத்தாள். அடுத்த ஊர்க் குழுவின் பிரதிநிதி மகள், அதே பஸ், அடுத்த செக்‌ஷன்.

போன கூட்டத்தில் அந்த அக்கா மறுபடி ஒரு குறையோடு வந்தார். மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி பத்து நாள்கூட வரமாட்டேன் என்கிறதாம். "நாலு பேருக்கு வைம்மாங்கிறா மேடம்" என்றார்.