பழைய நூல்களில் உடைமைக் குறிப்புகள்: ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

பழைய செய்யுள் நூல்களையும் நீதிநூல்களையும் சேகரிப்போர் பெரும்பாலும் பதிப்பாண்டு, பதிப்பாசிரியர், தாளின் நிலை ஆகியவற்றையே நோக்குவர். முகப்பிலோ கடைசித் தாளிலோ முன்னாள் உடைமையாளர் எழுதிவைத்த ஓரிரு வரிகள் நூலுக்கு நேர்ந்த குறையாகக் கருதப்படுவதுண்டு. அவ்வரிகள் மொழியாய்வுக்கு எவ்வாறு சான்றாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. குறிப்பின் மொழி

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு முதலியன திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்டவை. ஆதலின் பல கை மாறியவை. உடைமைக் குறிப்பில் ஊர், தந்தை பெயர், உடையவர் பெயர், நாள் ஆகியன இடம்பெறுவதுண்டு. நூலின் செய்யுள் மரபுவழி வந்தது. குறிப்போ எழுதியவரின் சொந்த உரைநடை. 'புத்தகம்' என்பது 'பொஸ்தகம்' எனவும், 'சேர்ந்தது' என்பது 'சேந்தது' எனவும் எழுதப்படுமிடத்துப் பேச்சொலி எழுத்தில் புகுந்தமை புலனாகிறது. இடமும் காலமும் சுட்டும் இத்தகைய சான்று செய்யுளில் கிடைப்பதரிது.

3. காலக் கணிப்பு

அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் காலத்தை உறுதிசெய்யாது. 'பிரபவ' என்பது 1807, 1867, 1927 ஆகியவற்றில் தொடங்கிய மூன்று ஆண்டுகளையும் குறிக்கும். 1850இல் அச்சான நூலில் அது காணப்படின் 1807 விலகும்; எஞ்சியவற்றுள் ஒன்றைத் துணிய எழுத்து வடிவம் துணைசெய்யும். ஓலைச்சுவடியில் அச்சாண்டு என்னும் இவ்வரம்பு இல்லை. கொல்லம் ஆண்டு தரப்பட்டிருப்பின், மாதத்திற்கேற்ப 824 அல்லது 825 கூட்டக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும்.

4. படியெடுத்தல்

ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகியமையால் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகள் தெளிவாகத் தோன்றா. எனவே குறிப்பை உள்ளவாறே படியெடுத்து, ஆய்வாளர் தம் வாசிப்பைத் தனியே தருதல் வேண்டும். 'சேந்தது' என்பதைத் திருத்தி எழுதின் சான்றே அழிந்துவிடும். மொழிபெயர்ப்பாளரும் திருத்திய வடிவைக் கொண்டு குறிப்பின் நடையை மதிப்பிடலாகாது.

5. முடிவுரை

மறுகட்டடம் செய்யும்போது முகப்புத் தாள் நீக்கப்படுதலும் ஓரம் வெட்டப்படுதலும் உண்டு. நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரும் தலைப்பும் மட்டுமே பதிவாயிருப்பின், இழந்தது இன்னதென்று பின்னர் அறிய வழியில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தனிச் சேகரிப்பே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. இன்றைய சேகரிப்பாளரின் அலமாரி நாளைய ஆய்வுக் களமாகலாம் என்பதற்கு இது சான்று. ஆதலின் கட்டடத்திற்குக் கொடுக்குமுன் உடைமைக் குறிப்பை நிழற்படமெடுத்துப் பட்டியலில் பதிதல், நூலைக் காப்பதன் ஒரு கூறேயாகும்.