பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு நாற்காலி

பழுப்பு மரநாற்காலி ஒன்றின் படம் அச்சாகியிருக்கும் பத்திரிகைப் பக்கத்தை எடுத்து, அதன்மேல் பூதக்கண்ணாடியை வையுங்கள். நாற்காலி மறைந்துவிடும். மஞ்சள் புள்ளிகள், மெஜந்தா புள்ளிகள், சயான் என்கிற வெளிர்நீலப் புள்ளிகள், கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே வெறும் வெள்ளைத் தாள். பழுப்பு என்றொரு மையே அங்கே கிடையாது. கண்ணாடியை விலக்கினால் நாற்காலி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

நான் இப்படிக் குனிந்து பார்ப்பவை பெரும்பாலும் வீடு, உடை, வடிவமைப்பு பற்றிய சுயாதீன இதழ்கள். பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் சில நண்பர்கள் கூடி நடத்துபவை. 2008இல் பார்சிலோனாவில் நாச்சோ அலெக்ரே என்ற புகைப்படக்காரரும் ஓமர் சோசா என்ற வடிவமைப்பாளரும் தொடங்கிய ‘அபார்த்தமென்டோ’ அவற்றில் ஒன்று. ஆண்டுக்கு இரண்டே இதழ்கள். துடைத்துவைத்த மாளிகைகளை விட்டுவிட்டு, கலைந்த படுக்கையும் இறைந்து கிடக்கும் புத்தகங்களுமாக, மனிதர்கள் வாழ்கிற வீடுகளை அப்படியே காட்டிய இதழ் அது. இந்த வகை இதழ்களைப் புரட்டும்போது விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சொரசொரப்பு உண்டு. அதற்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது.

முதலில் புள்ளிகள். தரமான அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள். அப்படியென்றால் ஒரு சதுர அங்குலத்தில் ஒரு நிறத்துக்கு 22,500. நான்கு நிறத்துக்கும் சேர்த்து 90,000. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஓரடி தள்ளி வைத்துப் படிக்கும்போது நம் கண் பிரித்தறியும் எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. அதற்கு மேல் கண்ணால் எண்ண முடியாது, கலக்கத்தான் முடியும். பழுப்பு நிறம் உருவாவது தாளில் அல்ல, நமக்குள்.

நான்கு நிறங்களின் புள்ளி வரிசைகளும் ஒரே திசையில் ஓடினால் பக்கமெங்கும் அலையலையாகக் கோலம் விழும். அதனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு கோணத்தில் சாய்த்துவைக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் குட்டிக் குட்டிப் பூக்கள் மாதிரித் தெரிவது அந்தச் சாய்வால்தான்.

இந்தப் புள்ளிகளைத் தாளுக்குக் கொண்டுவருவது, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற அடுப்படி உண்மை. 1796இல் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகாசிரியர் தன் நாடகங்களைச் சொந்தமாக, மலிவாக அச்சிட வழி தேடினார். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் எழுதி, கல்லை நனைத்து, மேலே மை உருட்டினார். எழுத்தில் மை ஒட்டியது. ஈரம் மையைத் தள்ளிவிட்டது. கல்லின் இடத்துக்கு இன்று அலுமினிய பிளேட் வந்திருக்கிறது. பிளேட்டிலிருந்து மை முதலில் ரப்பர் உருளைக்குப் போய், அங்கிருந்து தாளுக்கு வருகிறது, அதுதான் ஆஃப்செட். அதன் வேரில் இருப்பவர் ஒரு சுயாதீனப் பதிப்பாளர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி தாள். அச்சகத்தில் ஆர்ட் பேப்பர் என்று சொல்லும் வழவழப்பான தாளின் மேல் களிமண்ணோ கால்சியம் கார்பனேட்டோ பூசியிருக்கும். மை மேலேயே நிற்கும், புள்ளி கூர்மையாக இருக்கும், பக்கம் பளபளக்கும். நம் ஊர் மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் மை செல்லுலோஸ் நார்களின் இடுக்குகளுக்குள் இறங்கி, பக்கவாட்டிலும் பரவும். இன்னொன்றும் நடக்கிறது. புள்ளிக்குப் பக்கத்து வெள்ளையில் நுழையும் ஒளி தாளுக்குள் சிதறி, புள்ளியின் அடிப்புறமாக வெளியேறப் பார்த்து, மையில் சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மெல்லிய நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. பிளேட்டில் பாதி இடத்தை அடைத்த புள்ளிகள், தாளில் ஏறத்தாழ முக்கால் பங்கை அடைத்த மாதிரித் தெரிவது இந்த இரண்டாலும்தான். பிளேட் எடுக்கும்போதே புள்ளிகளைச் சிறிதாக்கி இதை ஈடுகட்டுவார்கள்.

ஈடுகட்டினாலும் கறுப்பு சற்றே சாம்பலாகத்தான் நிற்கும். ஆனால் தாள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால் கண் கூசாது. கலைந்த படுக்கையின் படம் இந்தத் தாளில் படுக்கையாகவே இருக்கிறது. ஆர்ட் பேப்பரில் அது கடைச் சரக்காகிவிடுகிறது என்பது என் எண்ணம். இவ்வகை இதழ்கள் பலவும் பூச்சில்லாத தாளைத் தேடிப்போவது வெறும் சிக்கனத்துக்காக அல்ல.

சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஆஃப்செட்டில் மையும் தண்ணீரும் சமநிலைக்கு வந்து, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்வரை ஓடும் தாள்களெல்லாம் வேஸ்ட் ஷீட்தான். நூறு பிரதிக்கும் அதே பிளேட் செலவு, ஐயாயிரத்துக்கும் அதே செலவு. நூறே பிரதி போடுகிறவர்கள் பலர் ரிசோகிராஃபுக்குப் போகிறார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சுற்றறிக்கை அடிக்க ஜப்பானின் ரிசோ நிறுவனம் செய்த இயந்திரம் அது. மெல்லிய மாஸ்டர் தாளில் சூடு வைத்துத் துளைகள் போட்டு, உருளையில் சுற்றி, துளை வழியே மையைப் பிதுக்குகிறது. ஓர் உருளைக்கு ஒரு நிறம். நிறங்கள் மயிரிழை விலகித்தான் விழும். ஆனால் அதன் ஒளிரும் இளஞ்சிவப்பு, நான்கு நிற ஆஃப்செட்டுக்கு எட்டாதது. அந்த மை, விழும் ஒளியைத் திருப்புவதோடு நிற்காமல், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் வாங்கி இளஞ்சிவப்பாக்கி வெளியே விடுகிறது.

தெரிந்த அச்சகம் பக்கத்தில் இருந்தால் ஒருநாள் போய் ஒரு வேஸ்ட் ஷீட் கேட்டு வாங்கி வாருங்கள். நிறங்கள் பொருந்துவதற்கு முன் ஓடிய தாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னலோரம் விரித்துப் பூதக்கண்ணாடியை வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களை முதலில் பார்க்க விடுங்கள்.