வீட்டுத் திரையரங்கக் கணினியில் மறைநீக்கம்: வன்பொருளா, மென்பொருளா

வீட்டுத் திரையரங்கக் கணினி என்பது கூடத்துத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்பட்டு, நேரலை அலைவரிசைகள், வட்டுகள், இணையவழிப் படங்கள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கணினி ஆகும். கட்டணம் செலுத்தியவர் மட்டுமே காணுமாறு பூட்டி அனுப்பப்படும் படத்தைத் திறந்தெடுப்பது மறைநீக்கம் எனப்படும். இப்பணியைத் தனிச் சில்லு ஒன்று செய்தால் அது வன்பொருள் மறைநீக்கம். கணினியின் பொதுச் செயலியில் ஓடும் நிரல் செய்தால் அது மென்பொருள் மறைநீக்கம். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் போன்ற சென்னையின் தென்புறநகர் வீடுகளில் இவற்றுள் எது பயன்படும் என்பதைக் கணினியின் வேகம் தீர்மானிப்பதில்லை. திறவுகோல் யாரிடம், எந்தச் சில்லுக்குள் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

மறைநீக்கமும் படச்சுருக்க நீக்கமும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பூட்டைத் திறப்பது முன்னது. சுருக்கி அனுப்பிய படத்தை விரித்துக் காட்டுவது பின்னது. கணினியைத் திணறவைப்பது பெரும்பாலும் பின்னதுதான். 4கே படத்தை விரிக்க வரைகலைச் சில்லின் துணை வேண்டும். பூட்டைத் திறப்பதோ இன்றைய செயலிக்கு அற்பமான வேலை. ஏஇஎஸ் முறைக்கான தனிக் கட்டளைகளை இன்டெல் 2010ஆம் ஆண்டிலேயே தன் செயலிகளுக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே "செயலி வேகமானது, மென்பொருளே போதும்" என்ற வாதம் தொழில்நுட்ப அளவில் சரி. ஆனால் கேள்வி அது அன்று.

சென்னையில் பூட்டு வந்த வரலாறு

கட்டண அலைவரிசைகளைப் பூட்டி அனுப்பும் நிபந்தனை அணுகல் முறை இந்தியாவில் முதலில் நிலைபெற்றது சென்னையில்தான். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடர்ந்து 2003 செப்டம்பர் 1 முதல் இங்கு அது நடைமுறைக்கு வந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கு 2006ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் போய்ச் சேர்ந்தது. கேபிள்காரர் கொண்டுவந்த கம்பியை நேரே தொலைக்காட்சியில் செருகிப் பார்த்துக்கொண்டிருந்த சென்னை வீடுகளுக்குள் செட்-டாப் பாக்ஸ் நுழைந்தது அப்போதுதான். அதுவரை கணினிக்குள் ஒரு டிவி டியூனர் அட்டையைப் பொருத்தினாலே எல்லா அலைவரிசைகளையும் பார்க்கவும் பதிவுசெய்யவும் முடிந்தது. பூட்டு வந்தபின் அதே அட்டை கட்டண அலைவரிசைகளுக்கு உதவாமல் போனது.

பூட்டு இயங்கும் விதம் எளிது. படம் ஒரு குறுகிய எண்ணால் கலைக்கப்படுகிறது. அந்த எண் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. புதிய எண்ணும் பூட்டப்பட்ட வடிவில் படத்துடனேயே வந்துகொண்டிருக்கும். அதைத் திறக்கும் இரகசியம் ஸ்மார்ட் கார்டிலோ, கார்டு இல்லாத பெட்டிகளில் உள்ளிருக்கும் சில்லிலோ இருக்கிறது. சந்தா கட்டியவரின் சில்லுக்கு மட்டும் அனுமதிச் செய்தி தனியே வந்து சேரும். ரீசார்ஜ் செய்தபின் பெட்டியை அணைக்காமல் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்வது இந்தச் செய்தி வந்து சேர்வதற்காகத்தான்.

மொட்டைமாடி டிஷ்ஷும் கணினி அட்டையும்

தாம்பரத்து மொட்டைமாடியில் 93.5 பாகை கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கிய டிஷ், தென்கிழக்காக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தைப் பார்த்திருக்கும். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ், தனியார் சேவையான சன் டைரக்ட் ஆகிய இரண்டும் ஒளிபரப்பாவது இந்தத் திசையிலிருந்துதான். ஒரே டிஷ்ஷில் இரண்டின் அலைகளும் விழுகின்றன. ஆயினும் கணினிக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். டிவிபி-எஸ்2 டியூனர் அட்டையில் அந்தக் கம்பியைச் செருகினால், ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டின்றி வரும் அலைவரிசைகள் டிவிஹெட்எண்ட், கோடி போன்ற கட்டற்ற மென்பொருள்களில் உடனே தெரியும். வட்டில் பதிவும் ஆகும். இங்கே மறைநீக்கத்துக்கு வேலையே இல்லை. கட்டண அலைவரிசைகளின் பெயர்கள் பட்டியலில் வந்து நிற்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

ஐரோப்பாவில் இந்தக் கறுப்புத் திரைக்கு முறையான தீர்வு உண்டு. டியூனர் அட்டையுடன் பொது இடைமுகச் செருகுவாய் ஒன்றையும், அதில் சேவையாளரின் கார்டு பொருந்திய தொகுதியையும் சேர்த்தால் கணினியே பெட்டியாகிவிடும். இந்தியாவின் டிடிஎச் உரிம நிபந்தனைகளும் பெட்டிகள் ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளத் தக்கனவாக இருக்க வேண்டும் என்றே கூறின. ஆனால் அது ஏட்டளவில் நின்றுவிட்டது. தொகுதியின் விலைக்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் என்பதால் யாரும் அதைக் கேட்கவில்லை. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதே கோரிக்கையைப் பரிந்துரையாக மீண்டும் முன்வைத்தது. மறுபுறம், கார்டும் பெட்டியும் ஒன்றோடொன்று இணைசேர்க்கப்பட வேண்டும் என்பதும் விதியாக உள்ளது. பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றி வாசிப்பானில் செருகினால் எதுவும் திறப்பதில்லை. ரிச்சி தெருவில் செருகுவாய் உள்ள விலையுயர்ந்த அட்டையைத் தேடி அலைவதற்கு முன் இதை அறிந்திருப்பது நல்லது.

கார்டின் வேலையைப் பாவனை செய்யும் நிரல்களும், ஒரு கார்டின் எண்களை இணையம் வழியே பலருக்குப் பகிரும் முறையும் உள்ளன. மென்பொருள் மறைநீக்கம் என்று பலர் குறிப்பிடுவது இதையே. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்குடன் இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். சேவையாளர் கார்டின் இரகசியத்தை மாற்றும் நாளில் செலவழித்த பணமும் போய்விடும்.

இணையவழிப் படங்கள்

இழையிணைய இணைப்பு வந்துவிட்ட வீடுகளில் இப்போது கூடுதலாகப் பார்க்கப்படுவது ஓடிடி தளங்களே. கணினி வைத்திருப்போர் உண்மையிலேயே தெரிவுசெய்ய இடமிருப்பதும் இங்கேதான். கூகுளின் வைட்வைன் பூட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு. எல்1 நிலையில் திறப்பதும் விரிப்பதும் சில்லின் காப்பறைக்குள் நடக்கும். எல்3 நிலையில் எல்லாம் மென்பொருளில் நடக்கும். லினக்ஸ் கணினியின் உலாவிக்குக் கிடைப்பது எல்3. அதனால் பல தளங்கள் அதற்குத் தெளிவு குறைந்த படத்தையே அனுப்புகின்றன. 4கே சந்தா கட்டியும் படம் மங்கலாக இருக்கிறது என்ற குறைக்கு இணைய வேகம் காரணமாக இல்லாத நேரங்களில் இதுவே காரணம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பிளேரெடி வன்பொருள் நிலை உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் கணினிக்கு 4கே தந்தபோது எட்ஜ் உலாவியும் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியும் எச்டிசிபி 2.2 ஏற்கும் திரையும் வேண்டும் என்றது. இடையில் பழைய ஒலிபெருக்கி ஒன்று எச்டிஎம்ஐ கம்பியில் நின்றால் அதுவே சங்கிலியை அறுத்துவிடும்.

வட்டுகள்

டிவிடியின் 40 பிட் பூட்டு 1999இலேயே உடைந்தது. இன்று எந்தக் கணினியும் அதை மென்பொருளில் திறக்கும். 4கே புளூ-ரே வட்டு வேறு கதை. அதை முறைப்படி இயக்கும் மென்பொருள் இன்டெல் செயலிக்குள் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்னும் காப்பறையை நம்பியிருந்தது. 2021இல் வந்த 11ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் இன்டெல் அதை நீக்கிவிட்டது. பழைய கணினியில் ஓடிய வட்டு, புதிதாக வாங்கிய வேகமான கணினியில் ஓடவில்லை.

நடைமுறை அமைப்பு

தென்புறநகர் வீட்டுக்கு ஏற்றது கலப்பு அமைப்பே. கட்டண அலைவரிசைகளுக்குச் சேவையாளரின் பெட்டி, 4கே ஓடிடிக்கு எல்1 சான்று பெற்ற சிறு கருவி, ஃப்ரீ டிஷ் நேரலைக்கும் பதிவுக்கும் சொந்தப் படத் தொகுப்புக்கும் கணினி என மூன்றும் தொலைக்காட்சியின் தனித்தனி எச்டிஎம்ஐ வாய்களில் நிற்கலாம். பெட்டியின் வெளியீட்டைப் பிடிப்பு அட்டை வழியே கணினிக்குள் கொண்டுவந்து பதிவுசெய்ய முயன்றால் எச்டிசிபி தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் கேயூ அலைகள் மங்கிப் படம் கட்டங்கட்டமாக உடைவதற்கு மறைநீக்கம் காரணம் அன்று; அதற்கு அட்டையையோ பெட்டியையோ மாற்றத் தேவையில்லை.