ஏற்றுமதிக்குக் காய் மட்டும் போதாது. மருந்துக் கணக்கும் வேண்டும்

மா, காய்கறிகளை ஏற்றுமதிக்குக் கொடுக்க விரும்பும் விவசாயிகள் பலர், "காய் ஒரே அளவாக, நல்ல நிறமாக இருந்தால் போதாதா? மருந்துக் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். மகாராஷ்டிர திராட்சை விவசாயிகளின் அனுபவமே இதற்குப் பதில்.

அபெடா நிறுவனம் 2006ல் 'கிரேப்நெட்' என்ற இணைய வழிப் பதிவு முறையைத் தொடங்கியது. வேளாண் துறை தோட்டத்தைப் பதிவு செய்யும். ஆய்வகம் பழ மாதிரியைச் சோதித்து, எஞ்சிய நஞ்சின் அளவை அதில் ஏற்றும். சிப்பம் கட்டும் கூடமும் ஏற்றுமதியாளரும் அதே பதிவைப் பார்த்துத்தான் அடுத்த வேலையைச் செய்ய முடியும். வெளிநாட்டில் ஒரு பெட்டியில் குறை தெரிந்தாலும், அது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு இருந்தும் 2010ல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் சிக்கலில் மாட்டியது. காரணம், குளோர்மெக்வாட் குளோரைடு எனப்படும் சி.சி.சி. இது பூச்சிமருந்து அல்ல. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெளிப்பது. அங்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது ஒரு டன் பழத்தில் வெறும் 50 மில்லிகிராம். அப்போது நம் நாட்டுச் சோதனைப் பட்டியலில் இந்த மருந்து இல்லை. கண்டெய்னர்கள் அங்கு போன பிறகே விஷயம் வெளியே வந்தது. பதிவில் இல்லாததைக் கணினி கண்டுபிடிக்காது.

இன்று மா, மாதுளை, காய்கறிகளுக்கும் 'ஹார்ட்டிநெட்' வழியாக இதே முறை உள்ளது. எனவே:

• தெளித்த அன்றே தேதி, மருந்தின் பெயர், அளவு, எந்தப் பூச்சி அல்லது நோய்க்கு என்பதை எழுதுங்கள்.

• வளர்ச்சி ஊக்கி, டானிக் எதையும் விடாமல் எழுதுங்கள்.

• கடை ரசீதையும் மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

• கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே, சீட்டில் சொன்ன நாட்கள் கழிய வேண்டும்.

• பக்கத்துத் தோட்டத்துக் காயை உங்கள் பதிவில் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதில் குறை இருந்தால் பழி உங்கள் தோட்டத்தின் மீதுதான் விழும்.

• ஆய்வக முடிவின் நகலை ஏற்றுமதியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்தைப் பதிவு செய்ய உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை அணுகுங்கள். தவறாகத் தெளித்த மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள். இங்கேயே தெரிந்தால் அந்தக் காயை உள்ளூர்ச் சந்தைக்கும் அனுப்பாமல் அறுவடையைத் தள்ளி வைக்கலாம். கப்பல் ஏறிய பிறகு தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது.